ஹெட்லைட் மாற்றும் முன் ரிஃப்ளெக்டரைப் பாருங்கள்

திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகும் 77ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இரவில் கார் ஓட்டுகிறவருக்கு நல்ல வெளிச்சம் ஆடம்பரமல்ல. பின்விளக்கு இல்லாத டிராக்டர் முன்னால் போகலாம், பௌர்ணமி என்றால் கிரிவலக் கூட்டம் வேறு. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு 22 மீட்டர் ஓடிவிடும். ஆகவே ஹெட்லைட்டை மேம்படுத்த நினைப்பது நியாயம்தான். ஆனால் எந்தப் பல்பு என்பதைக் கடைக்காரர் காட்டும் பளபளப்பை வைத்து முடிவு செய்யக் கூடாது. உங்கள் காரின் ரிஃப்ளெக்டர் எந்தப் பல்புக்காகச் செய்யப்பட்டதோ அதுவே சரியான பல்பு.

பரவலாக உள்ள எச்4 ஹாலோஜன் பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். டிம்முக்கு 55 வாட், பிரைட்டுக்கு 60 வாட் என இரண்டு இழைகள். டிம் இழைக்குக் கீழே சின்ன உலோகக் கிண்ணம். ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்கு ஒளி போகாமல் அது மறைப்பதால்தான் எதிரே வருபவரின் கண் கூசுவதில்லை. இழையின் இடம் ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் ஒளியின் வடிவம் கலைந்துவிடும். ஹாலோஜனுக்குப் பதிலாகப் போடும் எச்ஐடி (செனான்) கிட் 35 வாட்டில் சுமார் 3,000 லூமன் தரும். எச்4 டிம் தருவது ஏறக்குறைய 1,000. இந்த மும்மடங்கு ஒளி, ஹாலோஜன் ரிஃப்ளெக்டரில் நாலாபக்கமும் சிதறும். எல்இடி கிட்டிலும் ஒளி பிறக்கும் இடமும் வடிவமும் வேறு. பக்கத்துத் தார் பளிச்சென்று தெரிவதால் ஓட்டுநருக்குத் திருப்தி; தூரத்தில் வேண்டிய ஒளி மட்டும் கிடைக்காது. 100/90 வாட் ஹாலோஜனில் ஒளி இடம் மாறாது, ஆனால் சூட்டில் ஹோல்டரும் ஒயரும் உருகும்.

புதிய கார்களில் கம்பெனியே எல்இடி வைக்கிறதே என்று கேட்கலாம். அங்கே விளக்கு முழுவதும் எல்இடிக்காகவே வடிவமைக்கப்படுகிறது. ஜெர்மனியில் 2020இல் ஹாலோஜன் இடத்தில் எல்இடி பல்பை அனுமதித்தபோதுகூட, சோதித்துப் பார்த்த கார் மாடல்களுக்கு மட்டுமே அனுமதி கொடுத்தார்கள். எதிரே வருகிறவன் கண்ணைப் பறிக்கும்போது நான் மட்டும் ஏன் அடங்கிப் போக வேண்டும் என்ற கோபமும் புரிகிறது. ஆனால் இருவர் கண்ணும் கூசினால் நடுவில் சைக்கிளில் போகிறவரை யாருமே பார்க்க மாட்டார்கள். சட்டமும் இதில் தெளிவு: 8 மீட்டர் தூரத்தில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கண் கூசக் கூடாது என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 106.

எனவே செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். மஞ்சளித்த விளக்குக் கண்ணாடியைப் பாலிஷ் போடுங்கள். பல்புக்கு வரும் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். ரிலே வைத்த ஒயரிங் அதைச் சரிசெய்யும். பிறகு அதே வாட்டில், நல்ல கம்பெனியின் புது ஹாலோஜனை இரு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். கூடுதல் வெளிச்சம் தரும் ரகம் சீக்கிரம் போய்விடும். இரவில் அதிகம் ஓட்டுகிறவருக்கு அது தகும். கடைசியாக, சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி டிம் போடுங்கள். ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்தைவிடச் சுமார் 10 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். இத்தனையும் செய்த பிறகும் போதவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள். ஹாலோஜன் விளக்கில் எச்ஐடி, எல்இடி கிட் மட்டும் வேண்டாம்.