பயணத்திலும் பிள்ளைகளின் பார்வை ஓர் அமானிதமே

அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்பாளன் அல்லாஹ்வின் திருப்பெயரால்...

பள்ளிக்கூட விடுமுறை வந்துவிட்டால் பாங்காக், பட்டாயா டூர் பேச்சு நம் வீடுகளிலும் அடிபடுகிறது. "குடும்பத்தோடு போகலாமா ஹஜ்ரத்?" என்று சிலர் கேட்கிறார்கள்.

பயணம் செய்வதை மார்க்கம் தடுக்கவில்லை. பூமியில் பயணித்து, அல்லாஹ் படைப்பை எப்படித் தொடங்கினான் என்று பாருங்கள் என அல்அன்கபூத் அத்தியாயத்தின் 20ஆம் வசனம் நம்மைத் தூண்டுகிறது. ஆனால் பிள்ளையின் கையைப் பிடித்து எதைப் பார்க்க அழைத்துப் போகிறோம் என்பது முக்கியம். ஒவ்வொருவரும் பொறுப்பாளர், அவரவர் பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்ற நபிமொழி விமானம் ஏறியதும் நின்றுவிடுவதில்லை.

பட்டாயா, பாங்காக்கிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊர். ஒரு காலத்தில் மீனவ கிராமம். 1960களில் வியட்நாம் போரில் ஈடுபட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் ஓய்வுக்காக அங்கே வந்தார்கள். அவர்களை நம்பி மதுக்கடைகளும் இரவு விடுதிகளும் பெருகின. போர் முடிந்தது, அந்த வியாபாரம் முடியவில்லை. 'வாக்கிங் ஸ்ட்ரீட்' என்ற தெரு இன்றும் இரவில்தான் களைகட்டும். அதே ஊரில் நோங் நூச் என்ற பெரிய தோட்டமும், பவளத் தீவுக்குப் படகுப் பயணமும் உண்டு. குடும்பங்கள் இவற்றுக்காகத்தான் கிளம்புகின்றன. இரவானதும், "இவ்வளவு தூரம் வந்தாச்சு, அதையும் ஒரு தடவை பார்த்துவிடலாம்" என்று பிள்ளைகளோடு அந்தத் தெருவுக்கும் நடந்துவிடுகிறார்கள்.

சகோதரர்களே, அந்நூர் அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தைச் சிந்தித்துப் பாருங்கள். ஃபஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வு நேரம், இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று வேளைகளில், பருவமடையாத பிள்ளைகளும் அனுமதி கேட்டுத்தான் உங்களிடம் வரவேண்டும் என்கிறான் அல்லாஹ். பெற்றோரின் அறையில் ஹராம் எதுவும் இல்லை. ஹலாலான அந்தரங்கம்கூடச் சின்னப் பிள்ளையின் கண்ணில் பட வேண்டாம் என்று ரப்பு காக்கிறான். அவன் அப்படிக் காத்த கண்களை, இஷாவுக்குப் பிந்திய அதே வேளையில், ஹராமையே கடை விரித்திருக்கும் தெருவுக்கு நாம் அழைத்துப் போகலாமா?

"சின்னப் பிள்ளைக்கு என்ன புரியும்?" என்பார்கள். பிள்ளைக்கு அந்தக் காட்சி புரியாமல் போகலாம். பக்கத்தில் நிற்கும் அத்தாவின் முகம் புரியும். அந்த முகத்தில் வெட்கம் இல்லை என்றால், இது வெட்கப்பட வேண்டியதல்ல என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். "இங்கே நம்மை யாருக்குத் தெரியும்?" என்று நாம் சொல்லும் ஒரு வார்த்தை அதைவிட ஆபத்தானது. ஊரில் நாம் பயந்தது ஜமாஅத்தாருக்குத்தான், அல்லாஹ்வுக்கு அல்ல என்று அந்த வார்த்தை பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்துவிடும். ஏழு வயதில் தொழச் சொல்லி நாம் ஊட்டிய ஈமானை நாமே ஆட்டிவைத்தவர்கள் ஆவோம்.

நபி (ஸல்) அவர்களும் பயணத்தில் ஓர் இளைஞரின் பார்வையைக் காத்தார்கள். ஹஜ்ஜின்போது ஃபழ்ல் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் நபியவர்களின் வாகனத்தில் பின்னால் அமர்ந்திருந்தார்கள். மார்க்கக் கேள்வி கேட்க வந்த ஒரு பெண்ணை ஃபழ்ல் பார்த்துக்கொண்டே இருக்க, நபியவர்கள் அவரது முகத்தை மறுபக்கம் திருப்பிவிட்டார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இச்செய்தி உண்டு. கூட்டத்தில் அவமானப்படுத்தவில்லை, கண்டும் காணாமலும் விடவில்லை. ஒரு தகப்பனுக்கு இதைவிடச் சிறந்த பாடம் ஏது?

ஆகவே, பணம் கட்டுவதற்கு முன் டிராவல்ஸ்காரரிடம் ஒவ்வொரு நாளின் நிகழ்ச்சியையும் கேளுங்கள். இரவு நடனக் காட்சி இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். ஆற்றில் படகு விருந்து என்றால், அங்கே மது பரிமாறுவார்களா என்று விசாரியுங்கள். மது பரிமாறப்படும் விரிப்பில் அமர வேண்டாம் என்று ஹதீஸ் இருக்கிறது. தங்கும் ஹோட்டல் எந்தத் தெருவில் என்று பாருங்கள். முடிந்தால் ஊரையே மாற்றுங்கள். தாய்லாந்தின் தெற்கே கிராபி பகுதியில் கடலும் மலையும் உண்டு, முஸ்லிம்களும் பள்ளிவாசல்களும் உண்டு. அங்கும் கடற்கரை கடற்கரைதான். கூட்டம் சேரும் முன் காலையிலேயே போய்த் திரும்புங்கள்.

எவ்வளவு கவனமாக இருந்தும் பிள்ளை எதையாவது பார்த்துவிட்டால் அதட்டாதீர்கள். முகத்தைத் திருப்புங்கள். பிறகு அறையில் உட்காரவைத்து, "இதை அல்லாஹ் விரும்பமாட்டான், அதனால் நாம் பார்ப்பதில்லை" என்று அமைதியாகச் சொல்லுங்கள். அங்கே நிற்கும் பெண்களைக் கேலி பேசாதீர்கள். அவர்களும் யாரோ ஒருவர் பெற்ற பிள்ளைகள். வறுமை அங்கே கொண்டுவந்து நிறுத்தியவர்கள் அவர்களில் உண்டு. பிள்ளையோடு சேர்ந்து அவர்களின் நேர்வழிக்காகத் துஆ செய்யுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் கண்களையும் உள்ளங்களையும் ஊரிலும் பயணத்திலும் பாதுகாப்பாயாக! ஆமீன்.