12.9 போல்ட்டுக்கு எந்தப் பூச்சு?

போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருந்தால் அதிகம் யோசிக்க வேண்டாம். சாதாரண ஜிங்க் பிளேட்டிங் போதும், விலையும் குறைவு. 12.9 என்றிருந்தால்தான் கவனம் வேண்டும். துருவுக்குப் பயந்து பூசும் துத்தநாகமே அந்த போல்ட்டை ஒடித்துவிடக்கூடும்.

பிளேட்டிங் தொட்டிக்குப் போகுமுன் போல்ட்டை அமிலத்தில் கழுவுவார்கள். பிறகு எதிர்மின்வாயாகக் கட்டி மின்சாரம் பாய்ச்சுவார்கள். இரண்டு கட்டத்திலும் எஃகின் மேல் ஹைட்ரஜன் உருவாகிறது. பெரும்பகுதி இரண்டிரண்டாகச் சேர்ந்து குமிழியாகப் போய்விடும். சேராத ஒற்றை அணுக்கள் இரும்புக்குள் புகுந்துகொள்கின்றன. தூய இரும்பில், அறை வெப்பத்திலேயே, அவை ஒரு மில்லிமீட்டரைச் சில நிமிடங்களில் கடந்துவிடும். கடினமாக்கிய எஃகில் படிக எல்லை, கார்பைடு, கசடு என்று வழியெல்லாம் சிக்கும் இடங்கள் இருப்பதால் வேகம் பல மடங்கு குறைகிறது. போல்ட்டை முறுக்கியதும் மரையின் அடியில் இழுவிசை குவிந்து அணுக்கோவை விரிகிறது. ஹைட்ரஜன் மெல்ல அங்கே நகர்ந்து சேர்கிறது. முறுக்கும்போது ஒன்றும் ஆகாது. மணிக்கணக்கில், சிலசமயம் நாள்கணக்கில் கழித்து, யாரும் தொடாமலே தலை தெறிக்கும்.

மென்மையான எஃகு இதைத் தாங்கிக்கொள்ளும். 8.8 போல்ட்டின் கடினம் ராக்வெல் சி அளவில் 34ஐத் தாண்டாது. 10.9 அதிகபட்சம் 39. 12.9 தொடங்குவதே 39இல், 44 வரை போகும். ஐ.எஸ்.ஓ. 4042இன் 2018ஆம் ஆண்டுப் பதிப்பு எச்சரிக்கைக் கோடு போடுவது 390 விக்கர்ஸில். ஏறக்குறைய அதே இடம்தான்.

“பேக்கிங் செய்துதான் தருகிறோம்” என்பார் பிளேட்டிங்காரர். பிளேட்டிங் முடிந்து நான்கு மணி நேரத்துக்குள் 190 முதல் 220 டிகிரி செல்சியஸில் வைத்து, பல மணி நேரம் சூடாக்குவது வழக்கம். அடிப்படை சரிதான். அமிலத்தில் நனைந்து முறியும் இரும்புக் கம்பி, சும்மா கிடந்தாலே மீண்டும் வளையும் என்று டபிள்யூ. எச். ஜான்சன் 1875லேயே எழுதிவிட்டார். ஆனால் அவருடைய கம்பியின் மேல் துத்தநாகம் இல்லை. துத்தநாகத்தின் வழியே ஹைட்ரஜன் எளிதில் வெளியேறாது. துத்தநாக-நிக்கல் முலாம் இந்த விஷயத்தில் கொஞ்சம் தேவலை. என்றாலும், பேக்கிங் சான்றிதழை மட்டும் நம்பி மின்முலாம் பூசிய 12.9 போல்ட்டை நான் வாங்கமாட்டேன்.

ஹாட் டிப் கால்வனைசிங்கில் மின்சாரம் இல்லை, அமிலம் உண்டு. ஏற்கெனவே சிக்கியிருந்த ஹைட்ரஜனை 450 டிகிரி உருகல் கிளப்பிவிடும். மேலே தடிமனான துத்தநாகம் மூடிக்கொள்ளும். வெளியிலிருந்து வரும் ஆபத்து தனி. துத்தநாகம் ஈரத்தில் கரையும்போது, பூச்சு விட்டுப்போன இடத்தில் புது ஹைட்ரஜன் பிறக்கிறது. சான் பிரான்சிஸ்கோ–ஓக்லாந்து விரிகுடாப் பாலத்தில் 2013 மார்ச்சில் கால்வனைஸ் செய்த 96 நங்கூரக் கம்பிகளை இறுக்கினார்கள். சில நாள்களில் 32 ஒடிந்தன. 2008இலிருந்து அவை இருந்த துளைகளில் தண்ணீர் தேங்கியிருந்தது. ஏறக்குறைய 10.9க்கு இணையான ஏ490 ரக போல்ட்டுகளுக்கே அமெரிக்கக் கட்டுமான விதிகள் கால்வனைசிங்கை அனுமதிப்பதில்லை. துத்தநாகச் செதில் பூச்சை அனுமதிக்கின்றன.

என் தேர்வும் அதுதான். அமிலத்துக்குப் பதில் ஷாட் பிளாஸ்டிங்கில் சுத்தம் செய்து, செதில் கலந்த திரவத்தில் முக்கி, சுழற்றி, சூட்டில் இறுக வைப்பது. பூசும்போது ஹைட்ரஜன் நுழைய வழியே இல்லை. விலை கூடுதல், சின்ன மரையில் பூச்சு அடைத்துக்கொள்ளும் தொல்லையும் உண்டு. எண்ணெயிலேயே இருக்கும் இயந்திர உறுப்பென்றால் கடையில் கருப்பாக வரும் அலன் போல்ட்டே போதும், எந்தப் பூச்சும் வேண்டாம்.

இதையெல்லாம் தவிர்க்கவும் ஒரு வழி உண்டு. எம்12 அளவு 12.9 போல்ட் நிரந்தரமாக நீளாமல் தாங்கும் சுமை 81,800 நியூட்டன். எம்16 அளவு 8.8 போல்ட் 91,000 தாங்கும். துளையை 4 மி.மீ. பெரிதாக்க இடமிருந்தால் அதையே போடுங்கள், சாதாரண ஜிங்க் பிளேட்டிங்கோடு.