வேர்ட் போட்ட கமாவும் பன்னிரண்டு பட்டுச் சேலைகளும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வேர்டில் ஆங்கிலக் கடிதம் டைப் செய்யும்போது, சில சொற்களின் கீழ் நீலக் கோடு வருவதைப் பார்த்திருப்பீர்கள். சிவப்புக் கோடு எழுத்துப் பிழைக்கு, நீலக் கோடு இலக்கணத்திற்கு. (வேர்ட் 97ல் இது பச்சையாக வந்தது. 2013 பதிப்பில் நீலமானது.) அந்தக் கோடு சொல்வதை அப்படியே ஏற்கலாமா? ஏற்று மாட்டிக் கொண்டவர் என் சித்தப்பா.

சேத்துப்பட்டில் அவர் வீட்டில் பட்டுத் தறி ஓடுகிறது. ஒருமுறை பெங்களூரு கடைக்குப் பன்னிரண்டு சேலைகள் அனுப்பினார். இரண்டில் மட்டும் மழை ஈரம் பட்டுச் சின்னக் கறை. அதைச் சொல்ல இமெயிலுக்காக வேர்டில் இப்படி டைப் செய்தார்:

"தி ஸாரீஸ் விச் ஹேவ் எ ஸ்மால் ஸ்டெயின் ஆர் பேக்டு செபரேட்லி."

விச் என்ற சொல்லில் நீலக் கோடு. ரைட் கிளிக் செய்து, பட்டியலில் கமா போட்ட வரியைத் தேர்ந்தெடுத்தார். ஸ்டெயினுக்குப் பின்னும் ஒரு கமாவைத் தானே போட்டார். "எல்லாச் சேலையிலும் கறையா? ஆர்டரே வேண்டாம்" என்று கடையிலிருந்து பதில் வந்தது. போனில் விளக்கிய பிறகுதான் ஆர்டர் தப்பியது.

என்ன நடந்தது? கமா இல்லாவிட்டால், "கறை உள்ள சேலைகள் மட்டும்" என்று பொருள். கமா போட்டால், "சேலைகள் எல்லாவற்றிலும் கறை உண்டு, அவை தனியாகக் கட்டப்பட்டுள்ளன" என்று பொருள். இரண்டுமே இலக்கணப்படி சரி. உங்கள் மனதில் எது இருக்கிறது என்பது வேர்டுக்குத் தெரியாது.

எளிய சோதனை: "எந்தச் சேலை?" என்று கேளுங்கள். அந்த வாக்கியப் பகுதி இதற்குப் பதில் சொன்னால் கமா வேண்டாம். வெறும் கூடுதல் தகவல் என்றால் இரு பக்கமும் கமா போடுங்கள். கமா வேண்டாத இடத்தில் 'தட்' போட்டால் நீலக் கோடும் வராது. இப்படிப் பிரித்து எழுதும்படி 1926ல் ஃபவுலர் தன் ஆங்கில நடை அகராதியில் பரிந்துரைத்தார். அமெரிக்கர்கள் பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் கமா இல்லாத 'விச்'சும் சரியே. ஆனால் கமாவுக்குப் பின் 'தட்' வராது.

நமக்கு வரும் பிற தவறுகள்:

1. தமிழில் பெயரெச்சம் முன்னால் வரும்: "நான் வாங்கிய கம்ப்யூட்டர்". ஆங்கிலத்தில் பெயருக்குப் பின்னால் வரும்: "தி கம்ப்யூட்டர் தட் ஐ பாட்". இதில் "ஐ பாட் இட்" என்று 'இட்' சேர்க்கக் கூடாது. தட் என்பதே கம்ப்யூட்டரைக் குறித்துவிட்டது.

2. "சித்தப்பா நெய்யும் சேலை", "சித்தப்பா நெய்யும் தறி". தமிழில் இரண்டும் ஒரே அமைப்பு. தறி"யில்" நெய்கிறார் என்பதில் உள்ள 'இல்' மறைந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் மறையாது. முதலாவது "தி ஸாரி மை அங்கிள் வீவ்ஸ்". இரண்டாவது "தி லூம் மை அங்கிள் வீவ்ஸ் ஆன்". அந்தக் கடைசி 'ஆன்' விட்டுப் போனால், சித்தப்பா தறியையே நெய்கிறார் என்றாகிவிடும்!

3. ஆட்களுக்கு 'ஹூ', பொருட்களுக்கு 'விச்', இரண்டுக்கும் 'தட்'. "உடைய" என்ற பொருளுக்கு 'ஹூஸ்'. இது பொருட்களுக்கும் வரும்.

இனி நீலக் கோடு வந்தால் ரைட் கிளிக் செய்யுங்கள், ஆனால் உடனே தேர்ந்தெடுக்காதீர்கள். மாற்றிய வரியைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். நீங்கள் நினைத்த பொருள் வந்தால் மட்டும் ஏற்றுக் கொள்ளுங்கள். இல்லையென்றால் இக்னோர் கொடுங்கள்.

ஒரு பயிற்சி: "மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் சேத்துப்பட்டு இஸ் எ வீவர்." உங்களுக்கு ஒரே அண்ணன் என்றால் கமா வேண்டுமா? வேண்டும், ஹூவுக்கு முன்னும் சேத்துப்பட்டுக்குப் பின்னும். இரண்டு மூன்று அண்ணன்கள் இருந்து, அவர்களில் சேத்துப்பட்டு அண்ணனைத்தான் சொல்கிறீர்கள் என்றால் வேண்டாம்.

உங்கள் வேர்டில் டைப் செய்து பாருங்கள். சித்தப்பா இப்போது கமா போடும் முன் "எந்தச் சேலை?" என்று வாய்விட்டே கேட்டுக் கொள்கிறார்.