கொடிபோல் ஓடும் எழுத்து: நஸ்தஅலீக்கை எங்கே பயன்படுத்தலாம்?



நிக்காஹ் அழைப்பிதழ்களில் உருது வரிகள் கொடிபோல் சாய்ந்து ஓடுவதைப் பார்த்திருப்போம். அந்த எழுத்து முறைக்கு நஸ்தஅலீக் என்று பெயர். அழகாக இருக்கிறது என்பதற்காக அதை எல்லா இடத்திலும் போடலாமா? இந்த மாதப் பாடத்தில் அதைப் பார்ப்போம்.

நஸ்க், தஅலீக் என்ற இரண்டு எழுத்து முறைகள் கலந்து ஈரானில் 14-ஆம் நூற்றாண்டில் உருவானது இது. சாய்வாகச் சீவிய நாணல் பேனாவால் எழுதுவதால், கோடு ஓரிடத்தில் இழைபோல் மெலிந்து அடுத்த இடத்தில் தடிக்கும். நிமிர்ந்த கோடுகள் குட்டையாகவும் படுத்த வளைவுகள் நீளமாகவும் இருக்கும். ஒவ்வொரு சொல்லும் வலப்புறம் மேலிருந்து இடப்புறம் கீழாக இறங்கும்.

பக்கத்து எழுத்துக்கேற்ப ஒவ்வோர் எழுத்தின் வடிவமும் மாறும். அதனால் அச்சுக் கோப்பது கடினம். உருது நாளிதழ்களைக் காத்திபுகள் நெடுங்காலம் கையால்தான் எழுதினார்கள். 1927-இல் சென்னையில் தொடங்கிய 'முசல்மான்' நாளிதழ் இந்த நூற்றாண்டிலும் அப்படியே வெளிவந்தது. 1981-இல் பாகிஸ்தானில் மிர்ஸா அஹ்மத் ஜமீலின் நூரி நஸ்தஅலீக் வந்த பிறகே கணினி அச்சு எளிதானது. அதற்காக ஏறத்தாழ 20,000 கூட்டெழுத்துகளை வரைய வேண்டியிருந்தது.

இதற்குப் பொருத்தமான இடங்கள்: உருது அழைப்பிதழ், கவிதை, நூல் தலைப்பு, வாழ்த்து மடல். எழுத்து பெரிதாகவும் வரிகளுக்கிடையே இடம் தாராளமாகவும் இருக்கட்டும்.

பொருந்தாத இடங்கள்: பிள்ளைகளின் குர்ஆன் பாடம், துஆ அட்டை, பொடி எழுத்தில் வரும் அறிவிப்பு. நம் பிள்ளைகள் மக்தபில் ஓதப் பழகுவது நஸ்க் எழுத்தில். உஸ்மான் தாஹா எழுதிய மதீனா முஸ்ஹஃபும் நஸ்க்தான். அதில் எழுத்துகள் நேர்வரியில் அமர்வதால் ஹரகத்துகள் தெளிவாகத் தெரியும்.

இதில் அலட்சியம் கூடாது. பா, தா, ஸா மூன்றுக்கும் உடல் ஒன்றே. கீழே ஒரு புள்ளி, மேலே இரண்டு, மேலே மூன்று என்பதே வேறுபாடு. ஒரு புள்ளி மங்கினால் சொல்லே மாறிவிடும். அரபி எழுத்துக்கு ஏற்பில்லாத மென்பொருளில் தட்டினால் எழுத்துகள் தனித்தனியாகப் பிரிந்து, வரிசையும் தலைகீழாகிவிடும். இறைவசனம் அப்படி அச்சாவது சிறிய பிழையல்ல.

ஆகவே அச்சுக்குக் கொடுக்கும் முன் மூன்று காரியங்கள் செய்வோம்:

1. அச்சகத்தில் மாதிரிப் பிரதியைத் தாளில் கேட்டு வாங்குவோம். கைப்பேசித் திரையில் மட்டும் பார்த்து ஒப்புதல் தர வேண்டாம்.
2. அரபியோ உருதுவோ நன்கு அறிந்த ஓர் ஆலிமிடமோ உஸ்தாதிடமோ அதை வாசிக்கக் கொடுப்போம்.
3. விருந்து முடிந்ததும் அழைப்பிதழ் குப்பைக்குப் போகக்கூடும். எனவே வசனத்தின் அரபி மூலத்தை விட்டு, தமிழில் கருத்தை மட்டும் போடுவது கண்ணியமானது.

அழகும் கண்ணியமும் சேர்ந்தே இருக்கட்டும். அல்லாஹ் நம் காரியங்களை இலேசாக்குவானாக. ஆமீன்.