நலிந்த தொழில் நிமிர்வது எப்படி?

நட்டத்தில் ஓடும் தொழிலுக்கு நம்மில் பலர் கூறும் மருந்து ஒன்றே: “விலையைக் குறை, விற்பனை பெருகும்!” வணிகவியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இம்மருந்தை நான் ஐயுறுகிறேன். காரணத்தை ஒரு சிறு கணக்காலும் ஓர் உண்மை வரலாற்றாலும் விளக்க முயல்வேன்.

ஓர் உணவுக்கடையை எண்ணிப் பாருங்கள். வாடகை, சம்பளம் முதலியன மாதம் 30,000 ரூபாய். விற்றாலும் விற்காவிட்டாலும் இச்செலவு நிற்காது. சாப்பாடு ஒன்றின் விலை 50 ரூபாய். அரிசி, பருப்பு, எரிபொருளுக்கு 40 ரூபாய் போனால் மிஞ்சுவது 10. ஆகவே மாதம் 3,000 சாப்பாடு விற்றால்தான் நட்டம் நீங்கும். விலையில் 4 ரூபாய் தள்ளினால் மிஞ்சுவது 6. அப்போது 5,000 விற்க வேண்டும்! சோறு குழைந்திருக்கும் கடைக்கு, 4 ரூபாயை எண்ணி அத்தனை பேர் வருவார்களா?

இனி வரலாற்றைக் காண்போம். இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிளைச் செய்யும் தொழில் 1955-இல் சென்னையில் தொடங்கியது. ஆங்கிலத் தாய் நிறுவனம் மறைந்த பின்னும் சென்னை ஆலை நிலைத்தது. 1994-இல் அது ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்தது. ஆயினும் 2000-ஆம் ஆண்டில், மாதம் 6,000 வண்டிகள் செய்ய வசதியிருந்தும் சுமார் 2,000 மட்டுமே விற்றன. மூடுவதா, விற்பதா என்ற கேள்வி எழுந்தது. அப்போது முப்பது வயதும் நிரம்பாத சித்தார்த்த லால் ஒரு வாய்ப்புக் கேட்டுப் பொறுப்பேற்றார்.

அவர் முதலில் கைவைத்தது செலவில். ஜெய்ப்பூரின் புதிய ஆலை மூடப்பட்டது. விற்பனையாளர் தள்ளுபடியும் நிறுத்தப்பட்டது. ஆலை மூடல் அங்கு உழைத்தோர்க்குப் பேரிடிதான். அதனை நாம் எளிதாகக் கருதலாகாது. ஆனால் எதனையும் விடாது காலங்கடத்தியிருந்தால் சென்னையும் தப்பியிராது என்பதே என் கருத்து.

அடுத்து, குறைகளைக் களைந்தார். எண்ணெய்க் கசிவும் மின்கோளாறும் அவ்வண்டியின் தீராத நோய்கள். பழைய வார்ப்பிரும்பு எஞ்சினுக்கு மாறாக, கியர்ப்பெட்டியோடு ஒன்றாய் அமைந்த அலுமினிய எஞ்சின் உருவாயிற்று. ஆனால் மக்கள் விரும்பிய கம்பீரத் தோற்றத்தையும் ‘டப் டப்’ ஒலியையும் இயன்றவரை காத்தனர். நோயை நீக்கினர், உயிரை விட்டுவிடவில்லை!

ஐஷர் குழுமமும் தன் 15 தொழில்களில் 13-ஐ விட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளிலும் சரக்கு வண்டியிலும் மட்டும் கருத்தூன்றியது.

பலன் உடனே வரவில்லை. 2005-இல் ஆண்டு விற்பனை சுமார் 25,000. 2010-இல் 50,000-க்கு மேல். 2014-இலோ 3 இலட்சத்திற்கும் மேல்! இடையில், 2013-இல், ஒரகடத்தில் புதிய ஆலையும் எழுந்தது.

நண்பர்களே, விடுமுறையில் ஊர் செல்லும்போது தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். விற்காத நாளிலும் நிற்காத செலவு எவ்வளவு? பொருள் ஒன்றுக்கு மிஞ்சுவது எவ்வளவு? வாடிக்கையாளர் எதற்காக வருகிறார், எதனால் வராமற் போகிறார்? முதல் இரண்டிற்கும் ஏடு விடை சொல்லும். மூன்றாவதற்கு, வராமற் போனவரைத் தேடிச் சென்றுதான் கேட்க வேண்டும். நலிந்த தொழில் நிமிரத் தொடங்குவது அங்கேதான்.