புதுப் பாட்டு ‘கேட்பது’ எப்படி?



தமிழில் ‘கேட்பது’ என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. வாயால் வினவுவதும் கேட்பதுதான்; காதால் செவிமடுப்பதும் கேட்பதுதான். வள்ளுவர் ‘கேள்வி’ என்று ஓர் அதிகாரமே வைத்தார். குறளில் அது 42-ஆவது அதிகாரம். அங்கே கேள்வி என்பது பரீட்சைத் தாளில் வரும் கேள்வி அல்ல, அறிந்தவர் சொல்லைக் காது கொடுத்துக் கேட்பது.

இந்த இரண்டு ‘கேட்பதும்’ ஒன்று சேரும் இடம் நம் மாணவ வாழ்க்கையில் தினமும் வருகிறது. “மச்சி, நல்ல பாட்டா ஏதாவது இருந்தா சொல்லுடா” என்கிறோமே, அந்த இடம்தான். முதலில் அவனிடம் கேட்கிறோம். பிறகு அவன் சொன்னதைக் கேட்கிறோம்.

ஆண்டு மலரில் போய் இதற்கு ஒரு பாடமா என்று சிலர் சிரிக்கலாம். லேத் ஓட்டக் கற்றுத் தருகிறார்கள், மல்டிமீட்டர் பிடிக்கக் கற்றுத் தருகிறார்கள். நண்பனிடம் கேட்பது எப்படி என்று மட்டும் எந்த செமஸ்டரிலும் பாடம் கிடையாது. அது தெரியாததால் பக்கத்து பெஞ்சிலேயே இருக்கும் பாட்டுகூட நம் காதுக்கு வராமல் போகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

மொட்டைக் கேள்வி

ஹார்டுவேர் கடையில் போய் “அண்ணே, ஒரு போல்ட் குடுங்க” என்று நின்றால் கடைக்காரர் என்ன செய்வார்? “என்ன சைஸு, எம் 8-ஆ, எம் 10-ஆ? நீளம் எவ்வளவு? நட்டு வேணுமா?” என்று நம்மையே திருப்பிக் கேட்பார். “நல்ல பாட்டு சொல்லு” என்பதும் அப்படிப்பட்ட மொட்டைக் கேள்விதான். ஆனால் நண்பன் கடைக்காரர் மாதிரி திருப்பிக் கேட்க மாட்டான். அந்த வாரம் எல்லா டீக்கடையிலும் ஓடும் பாட்டைச் சொல்லிவிட்டுப் போய்விடுவான். அது நமக்கும் ஏற்கெனவே தெரிந்த பாட்டாகத்தான் இருக்கும்.

அளவைச் சொல்லிக் கேட்க நம் ஊரே ஒரு பாடம் வைத்திருக்கிறது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டை எட்டாம் வகுப்புச் சுற்றுலாவிலேயே நம்மில் பலர் பார்த்திருப்போம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டியவை. குடவோலை என்றதும் குடத்துக்குள் கைவிட்டு ஓலை எடுத்தது மட்டும்தான் நமக்கு நினைவுக்கு வரும். ஆனால் குடம் வந்தது கடைசியில். 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் ஓலையில் ஏறவே ஏறாது. இன்னது வேண்டும், இன்னது கூடாது என்று இரண்டையும் முதலில் கல்லில் வெட்டிவிட்டுத்தான் குடத்தைக் குலுக்கினார்கள்.

பாட்டு கேட்பதற்கும் இதே முறைதான். பிடித்தது எது, பிடிக்காதது எது என்று முதலில் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் நண்பனின் குடத்தில் கைவைக்க வேண்டும்.

லிஸ்ட் சொல்லும் ரசனை

இந்தக் கலையில் கைதேர்ந்தவர்கள் கேசட் காலத்து ஆட்கள். பிலிப்ஸ் கம்பெனி 1963-இல் கொண்டுவந்த அந்தச் சின்ன ஒலிநாடா, 1980-களிலும் 90-களிலும் நம் பக்கத்து ஊர்களில் எல்லாம் ‘ரெக்கார்டிங் சென்டர்’களை உண்டாக்கியது. நான் அதைப் பார்த்தவன் இல்லை. என் மாமா சொல்லிக் கேட்டதுதான்.

ஒரு 90 கேசட் என்றால் பக்கத்துக்கு 45 நிமிடம். பாட்டு ஒன்றுக்கு நாலரை நிமிடம் என்று வைத்தால் ஒன்பது பாட்டுக்கு 40½ நிமிடம் ஆகும். இன்னும் 4½ நிமிடம் மிச்சம். மாமா ஒன்பது பாட்டை வரிசையாக எழுதி, அடியில் ‘மீதி இடத்தில் உங்கள் விருப்பம்’ என்று எழுதிக் கொடுப்பாராம். கடைக்காரர் அந்த ஒன்பதையும் பார்த்துப் பத்தாவதைப் போடுவார்.

ஒரு தடவை பத்தாவதாக வந்தது சினிமாப் பாட்டே இல்லை. இளையராஜா 1986-இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பிலிருந்து ஒரு வாத்திய இசை. அதில் வயலின் வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். மாமா போய் ஏன் என்று கேட்டதற்குக் கடைக்காரர் சொன்ன பதில்: “உங்க லிஸ்ட்ல பாதிப் பாட்டு வயலின்ல ஆரம்பிக்குது தம்பி. நீங்களே கவனிக்கலையா?”

மாமாவுக்கே தெரியாத மாமாவின் ரசனையை அந்த லிஸ்ட் காட்டிக் கொடுத்துவிட்டது. அவர் ‘எனக்கு மெலடி பிடிக்கும்’ என்று மட்டும் சொல்லியிருந்தால் அந்த வயலின் கிடைத்திருக்காது. பெயர் சொல்லி ஒன்பது பாட்டை எழுதியதால் கிடைத்தது.

கணக்கு என்ன சொல்கிறது?

ரசனையை அளக்க முடியுமா என்று கேட்கலாம். அளந்து பார்த்திருக்கிறார்கள். 1994-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் ‘ரிங்கோ’ என்ற ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு வந்தது. உபேந்திர ஷர்தானந்த், பேட்டி மேஸ் என்ற இருவரின் வேலை அது. இசைக் கலைஞர்களுக்கு 1 முதல் 7 வரை மார்க் போட்டு இமெயிலில் அனுப்ப வேண்டும். உங்கள் மார்க்கும் வேறு யாருடைய மார்க்கும் ஒத்துப்போகிறது என்று பார்த்து, அவருக்குப் பிடித்து உங்களுக்கு இன்னும் தெரியாத இசையை அது சிபாரிசு செய்யும். இன்று நம் போனில் ‘உங்களுக்காக’ என்று வரும் பட்டியல்களுக்கு இது ஒரு முன்னோடி.

அதன் கணக்கை நாமே நோட்டில் போட்டுப் பார்க்கலாம். ஐந்து வகை இசைக்கு மார்க் போடுவோம்: மெலடி, கானா, நாதஸ்வரம், கூத்து, ராக்.

நான்: 7, 3, 6, 5, 2
நண்பன் க: 6, 2, 6, 4, 1
நண்பன் ச: 6, 7, 2, 3, 6

4 என்பது நடு. பிடித்ததும் இல்லை, பிடிக்காததும் இல்லை. எல்லா மார்க்கிலிருந்தும் 4-ஐக் கழியுங்கள்.

நான்: 3, -1, 2, 1, -2
க: 2, -2, 2, 0, -3
ச: 2, 3, -2, -1, 2

இப்போது என் எண்ணையும் நண்பன் எண்ணையும் வகைவாரியாகப் பெருக்கிக் கூட்டுவோம்.

க-வுடன்: 6 + 2 + 4 + 0 + 6 = 18
ச-வுடன்: 6 - 3 - 4 - 1 - 4 = -6

இதை ஒன்றுக்குள் அடக்க வேண்டுமானால், இருவரின் எண்களையும் தனித்தனியே வர்க்கம் செய்து கூட்டி, அந்த இரண்டு கூட்டுத்தொகையையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, அதனால் வகுக்க வேண்டும். க-வுக்கு 0.90 வரும். ச-வுக்கு -0.29 வரும். முழுப் பொருத்தம் என்றால் 1, நேர் எதிர் என்றால் -1.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, மெலடியில் மூன்று பேரும் ஒத்துப்போகிறோம். ‘எனக்கும் மெலடி, உனக்கும் மெலடி’ என்று அதோடு நிறுத்தியிருந்தால் ச-வும் நானும் ஒரே ரசனை என்று நினைத்திருப்போம். இரண்டு, மைனஸைப் மைனஸால் பெருக்கினால் பிளஸ். எனக்குப் பிடிக்காததே அவனுக்கும் பிடிக்கவில்லை என்பதும் பொருத்தம்தான். க-வுடன் வந்த 18-இல் 8 மார்க், இருவருக்கும் பிடிக்காத கானாவும் ராக்கும் கொடுத்தது. ஆகவே பிடிக்காததை மறைக்காமல் சொல்லுங்கள். அதிலும் பாதிக் கேள்வி அடங்கியிருக்கிறது.

ச-விடமும் கேள்

அப்படியானால் இனிமேல் க-விடம் மட்டும் கேட்டால் போதுமா? போதாது. க சொல்லும் பாட்டு பிடிக்கும், சரி. ஆனால் அது எனக்குத் தெரிந்த தெருவிலேயே அடுத்த வீடு. வேறு தெருவுக்குக் கூட்டிப் போகிறவன் ச-தான்.

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியல் அறிஞர் 1973-இல் எழுதிய ஒரு கட்டுரை இதற்குப் பொருந்தும். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களை அவர் விசாரித்தார். பலருக்கும் தகவல் வந்தது நெருங்கிய நண்பர்களிடமிருந்து அல்ல, எப்போதாவது பார்க்கும் பழக்கக்காரர்களிடமிருந்து. காரணம் சுலபம். நெருங்கியவர்களுக்கு என்ன தெரியுமோ அது நமக்கும் தெரிந்திருக்கும். அவர் சொன்னது வேலையைப் பற்றி. பாட்டுக்கும் அது பொருந்துகிறது என்பது என் அனுபவம்.

அனுபவம் இதுதான். என் வகுப்பில் ஒருவன். வந்தவாசி பஸ்ஸில் வருகிறவன், அதிகம் பேச மாட்டான். இரண்டு வருடம் அவனிடம் பாட்டைப் பற்றி யாரும் கேட்டதில்லை. ஒருநாள் லேபில் கரண்ட் போன நேரத்தில் நான் கேட்டேன்: “எனக்கு நாதஸ்வரம் பிடிக்கும். கத்துற மாதிரி கிட்டார் பிடிக்காது. நான் கேட்டிருக்கவே முடியாத ஒண்ணு சொல்லேன்.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “முகவீணை கேட்டிருக்கியா?” என்றான். வீணை என்று பெயர் இருந்தாலும் அது ஊதுகருவி. நாதஸ்வரத்துக்குத் தம்பி மாதிரி சின்னதாக இருக்கும். குரல் மட்டும் உச்சத்தில் கேட்கும். அவன் தாத்தா கட்டைக்கூத்தில் முகவீணை வாசித்தவராம்.

“ஏண்டா இத்தனை நாள் சொல்லல?”

“கூத்துன்னு சொன்னா சிரிப்பீங்க.”

தோழர்களே, அந்தப் பதிலை நான் மறக்கவில்லை. ஒருவன் தனக்குப் பிடித்த பாட்டைச் சொல்லும்போது தன் வீட்டையும் ஊரையும் சேர்த்துத்தான் நம் முன்னால் வைக்கிறான். நாம் சிரித்தால் பாட்டோடு சேர்ந்து அவனும் உள்ளே போய்விடுகிறான்.

அந்த வருடம் ஒரு திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்து பார்த்தேன். ஹார்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம், அதற்கு மேலே முகவீணை. ‘கட்டை’ என்பது வேஷக்காரர்கள் தலையிலும் தோளிலும் அணியும் மரத்தாலான அணிகள் என்பதே அன்றுதான் தெரிந்தது. காஞ்சிபுரம் பக்கம் இந்தக் கலைஞர்களுக்கென்று 1990-இல் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர் பெருங்கட்டூர் ராஜகோபால். நம் பஸ் தூரத்தில் இருக்கும் ஊர்களின் கலை இது.

எந்த ஆப்பும் இதை எனக்குச் சொல்லியிருக்காது. ஸ்பாட்டிஃபை 2015 முதல் திங்கட்கிழமைதோறும் 30 பாட்டு தொகுத்துத் தருகிறது, நல்லதுதான். ஆனால் பதிவாகி, ஏற்றப்பட்ட பாட்டைத்தான் இயந்திரத்தால் சொல்ல முடியும். எந்த ஊர்த் திருவிழாவில், எந்த ராத்திரி, யார் முகவீணை ஊதுகிறார் என்பது ஒரு மனிதனுக்குத்தான் தெரியும். அவனிடம் யாரும் கேட்காவிட்டால் அது அவனோடு நின்றுவிடும்.

நடைமுறையில்...

1. பெயர் சொல்லிக் கேளுங்கள். பிடித்த பாட்டு மூன்று, பிடிக்காதது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் காரணம் ஒரு வரி. குரலா, தாளமா, வரிகளா, வாத்தியமா?

2. எந்த நேரத்துக்கு என்று சொல்லுங்கள். டிராயிங் போடும்போது கேட்கும் பாட்டு வேறு, கடைசி பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்கும் பாட்டு வேறு.

3. ஒரே ஒரு பாட்டு கேளுங்கள். “லிஸ்ட் அனுப்பு” என்றால் யோசிக்காமல் ஐம்பது வரும். “ஒண்ணே ஒண்ணு” என்றால் யோசித்து வரும்.

4. முழுதாகக் கேளுங்கள். பல்லவியிலேயே தள்ளிவிடாதீர்கள். இரண்டு தடவை கேட்டுவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

5. திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். பிடித்தால் எந்த இடம் என்று சொல்லுங்கள். பிடிக்காவிட்டாலும் ஏன் என்று சொல்லுங்கள். அடுத்த தடவை அவன் குறி இன்னும் சரியாக இருக்கும்.

6. க-விடம் இரண்டு தடவை கேட்டால் ச-விடம் ஒரு தடவையாவது கேளுங்கள். சிரிக்காமல் கேளுங்கள்.

இன்னும் சில மாதங்களில் நாம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் என்று ஷிப்டுக்குப் பிரிந்து போய்விடுவோம். மார்க் ஷீட்டை எப்போது வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம். பக்கத்து பெஞ்ச் நண்பனுக்குத் தெரிந்த பாட்டை அப்படி எடுக்க முடியாது. ஆகவே இந்த மலரைப் புரட்டி முடித்ததும், இதுவரை நீங்கள் பாட்டைப் பற்றியே பேசாத ஒருவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். உங்களுக்குப் பிடித்த மூன்றைச் சொல்லுங்கள். பிறகு அவருடையதைக் கேளுங்கள், இரண்டு அர்த்தத்திலும்!