புரோக்கர் படியேறுவதற்கு முன்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து கோடை விடுமுறை தொடங்கினால் நூற்பாலைகளுக்கு ஆள் பிடிக்கும் புரோக்கர்களுக்கும் சீசன் தொடங்கிவிடும். திண்டுக்கல், கோவை, திருப்பூர், ஈரோடு, விருதுநகர் பக்கத்து மில்களுக்கு இப்படிப் போன பெண்பிள்ளைகளின் கதை 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் ஊரறிந்தது. மூன்று வருடம் மில் வளாகத்துக்குள்ளேயே தங்கி வேலை பார்த்தால் கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று கையில் கிடைக்கும் என்பதுதான் வாக்கு. உடம்பு முடியாமல் பாதியில் திரும்பிய பலருக்கு அந்த மொத்தத் தொகை கிடைக்கவே இல்லை. நீதிமன்றங்களும் பத்திரிகைகளும் கண்டித்த பிறகு அந்தப் பெயரை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஆனால் ஆள் பிடிக்கும் முறை அப்படியே இருக்கிறது: கையில் அட்வான்ஸ், வாசலில் வேன், தலைக்கு இவ்வளவு என்று கமிஷன்.

சுய உதவிக் குழுவோ, வாசகர் வட்டமோ, ஓய்வுபெற்ற ஆசிரியர் நாலு பேரோ, ஏதோ ஒரு வகையில் ஊருக்குள் ஏற்கெனவே கூடிப் பழகிய பத்துப் பேருக்காக இந்தக் கட்டுரை. பெரிய நிதி வேண்டியதில்லை. புரோக்கர் கொண்டுவருவது சின்னத் தொகைதான், ஆனால் வீட்டில் அடுப்பு எரியாத வாரம் பார்த்துக் கொண்டுவருகிறார். உங்கள் உதவி அவருக்கு ஒரு மாதம் முந்திக்கொண்டால் போதும்.

எந்த வீடு என்று கண்டுபிடித்தல்

ஊர்க் கூட்டம் போட்டுப் பெயர் கேட்காதீர்கள். 'ஆபத்தில் உள்ள பெண்கள்' என்று ஒரு பட்டியல் வெளியே போனால், அந்தப் பிள்ளைகளுக்கு நாமே முத்திரை குத்தியவர்களாவோம். விவரம் மூன்று இடங்களில் கிடைக்கும். முதலாவது பள்ளி: வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து பத்து, பதினைந்து நாள் விடுப்பு விழுந்த பெண் யார் என்று வகுப்பாசிரியருக்குத் தெரியும். இரண்டாவது ரேஷன் கடை: எந்த வீட்டில் மாதக் கடைசியில் கடன் கேட்டு அலைகிறார்கள் என்பது அங்கே நிற்கும் வரிசைக்குத் தெரியும். மூன்றாவது அங்கன்வாடிப் பணியாளர். வீட்டுக்கு வீடு போகும் அவருக்குத் தெரியாத ரகசியம் ஊரில் குறைவு.

எந்த வீட்டைக் கவனிக்க வேண்டும்? அப்பா இறந்த வீடு, குடியில் மூழ்கிய வீடு, மகளிர் குழுக் கடனுக்கும் வாரத் தவணை பைனான்ஸுக்கும் சேர்த்துக் கட்டும் வீடு, மூத்த பெண் ஏற்கெனவே மில்லில் இருக்கும் வீடு. கடைசியாகச் சொன்னதை அழுத்திச் சொல்ல வேண்டும். அக்கா போன வழியில்தான் தங்கையை அழைப்பார்கள், அழைக்க வருபவரும் பெரும்பாலும் முன்பின் தெரியாதவர் இல்லை. சொந்தக்காரராகவோ, அதே மில்லில் வேலை பார்த்த பக்கத்துத் தெருப் பெண்ணாகவோ இருப்பார்.

முதல் தடவை இரண்டு பெண்களாகப் போங்கள். ஆண்கள் தனியாகப் போக வேண்டாம். 'கடத்தல்' என்ற சொல்லை வாயில் எடுக்க வேண்டாம். "ஏக்கா, ரேஷன் கார்டுல பாப்பா பேரு இருக்கா?" என்று தொடங்குங்கள். அந்த ஒரு கேள்வியில் பாதிக் குடும்பச் சூழல் வெளியே வந்துவிடும்.

சாப்பாடு: வர வேண்டியதை முதலில் வாங்குங்கள்

பொட்டலம் கட்டிக் கொடுக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். அதற்கு முன் அரசிடமிருந்து அந்த வீட்டுக்கு வர வேண்டியது வருகிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அந்தியோதயா அட்டையாக இருந்தால் மாதம் 35 கிலோ அரிசி. கணவனை இழந்தவர், கைவிடப்பட்டவர், நோயாளியை வைத்திருப்பவர் போன்றோர் இந்த அட்டைக்கு வட்ட வழங்கல் அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். பல வீடுகளில் கொடுத்திருக்கவே மாட்டார்கள்.

அட்டை இருந்தும் அரிசி வராத வீடுகள் உண்டு. கல்லறுத்து, கரும்பு வெட்டித் தேய்ந்த விரலுக்கு இயந்திரத்தில் ரேகை விழாது. "மூணு தடவை வச்சுப் பாத்தேன், விழமாட்டேங்குதுன்னு அனுப்பிட்டாங்க" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பார்கள். கருவிழிப் பதிவு இருக்கும் கடையா என்று கேளுங்கள். நடக்க முடியாதவர்களுக்குப் பதிலாக வேறொருவர் வாங்க அனுமதிக் கடிதம் கொடுக்கும் வழியும் உண்டு. கணவர் வீட்டு அட்டையிலிருந்து பெயர் நீக்காததால் தனியாக வாழும் பெண்ணுக்குப் புது அட்டை கிடைக்காமல் இருப்பது இன்னொரு பெரிய சிக்கல். இதற்கு வழங்கல் அலுவலகத்துக்கு யாராவது ஒருவர் கூடவே போய் உட்கார வேண்டும். உங்கள் குழுவில் அலுவலகம் ஏறி இறங்கச் சலிக்காத ஒருவரை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பொட்டலத்தைவிட அவர் ஒருவர் பயனுள்ளவர்.

அரிசி வந்த பிறகும் குறைவது குழம்புச் செலவுதான். பருப்பு, எண்ணெய், முட்டை, நிலக்கடலை, வெல்லம், கொஞ்சம் கேழ்வரகு. வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளுக்கு ரத்தசோகை அதிகம் என்பதால் கடலையும் முட்டையும் பட்டியலிலிருந்து விட்டுப்போக வேண்டாம். இதை விழா எடுத்து, பேனர் கட்டி, போட்டோ பிடித்துக் கொடுக்காதீர்கள். ஊர் மளிகைக் கடைக்காரரிடம் மாதம் இவ்வளவு என்று கணக்கு வைத்து, அந்த வீட்டு அம்மா எல்லாரையும் போலவே போய் வாங்கிவரும்படி செய்யுங்கள். கடைக்காரருக்குப் புகையிலையும் பாக்கும் அந்தக் கணக்கில் வராது என்று ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் போதும்.

பலரும் கவனிக்காத ஓர் ஓட்டை இருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளியோடு நிற்கிறது. சத்துணவு பத்தாம் வகுப்போடு நிற்கிறது. பதினொன்றாம் வகுப்பில் சேரும் பெண்ணுக்கு மதியச் சாப்பாடு வீட்டிலிருந்து வர வேண்டும். காலை ஆறு மணிக்குக் களையெடுக்கப் போகும் அம்மா எப்போது சமைத்துக் கட்டிக் கொடுப்பாள்? முந்தின நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி, டிபன் பாக்ஸைத் திறக்கக் கூச்சப்பட்டு மரத்தடிக்குப் போகும் பிள்ளைகளை எந்த மேல்நிலைப் பள்ளியிலும் பார்க்கலாம். படிப்பை நிறுத்தும் வயதும் இதுதான், மில்லுக்கு அழைக்கும் வயதும் இதுதான். பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சுய உதவிக் குழுவிடம் நாளுக்குப் பத்துப் பேருக்குச் சாம்பார் சாதமும் ஒரு முட்டையும் செய்யச் சொல்லிப் பேசுங்கள். பிள்ளைகள் தங்கள் டிபன் பாக்ஸிலேயே காலையில் வாங்கிச் செல்லட்டும். எது தானம், எது வீட்டுச் சாப்பாடு என்று வகுப்பில் யாருக்கும் தெரியாது. கையில் இருப்பது கொஞ்சம் பணம்தான் என்றால் வேறெதற்கும் முன் இதைச் செய்யுங்கள் என்பேன்.

படிப்பு: தோற்றவளிடமிருந்து தொடங்குங்கள்

பரிசளிப்பு விழாவில் முதல் மதிப்பெண் எடுத்தவளுக்குக் கைதட்டுகிறோம். கணக்கில் தோற்றவளின் வீட்டுக்கு யாரும் போவதில்லை, புரோக்கர் போகிறார். முடிவு வந்த சில வாரங்களில் துணைத்தேர்வு உண்டு, விண்ணப்பிக்க நாள் குறைவு. தேர்வுக் கட்டணம் பெரிய தொகை இல்லை, ஆனால் அந்த வாரத்தில் வீட்டில் இருக்காது. எனவே ஏப்ரல் மாதமே தலைமை ஆசிரியரிடம் பேசி, யாருக்குத் தோல்வி வரலாம் என்று கேட்டு வையுங்கள். முடிவு வந்த அன்று சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போய், விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, மறுநாளிலிருந்து ஒரு மாத டியூஷனைத் தொடங்குங்கள். ஊரில் பி.எஸ்சி. முடித்துவிட்டு வேலை தேடும் பெண் யாராவது இருப்பாள். அவளுக்கு ஒரு தொகை கொடுத்துப் பாடம் நடத்தச் சொல்லுங்கள். இலவசமாகச் செய்யச் சொன்னால் இரண்டாவது வாரம் நின்றுவிடும்.

ஏற்கெனவே பள்ளியை விட்ட பிள்ளை என்றால் வயதைப் பொறுத்து வழி மாறும். 6 முதல் 14 வயது வரை கல்வி உரிமைச் சட்டம் 2009 துணைக்கு இருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானது என்றோ, வயதுச் சான்று இல்லை என்றோ சேர்க்கையை மறுக்க முடியாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். வட்டார வள மையத்தில் பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கவனிக்கும் ஆசிரியர் பயிற்றுநர் இருப்பார், அவரைப் பிடியுங்கள். வீட்டில் இருப்பதே ஆபத்து என்ற நிலையில் கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா எனும் உண்டு உறைவிடப் பள்ளியும், சமூகநீதி விடுதிகள் என்று இப்போது அழைக்கப்படும் அரசு விடுதிகளும் உண்டு. விடுதியில் சேர்ப்பதற்கு முன் நீங்களே ஒருமுறை போய்க் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, இரவில் காப்பாளர் அங்கேயே தங்குகிறாரா என்று பார்த்துவிட்டு வாருங்கள். பதினான்கைத் தாண்டிப் பள்ளிக்குத் திரும்ப மனமில்லாதவளுக்குத் தனித்தேர்வர் வழி இருக்கிறது.

பஸ் பாஸ், பாடநூல், சைக்கிள் எல்லாம் அரசு தருகிறது. தராதவைதான் படிப்பை நிறுத்தும்: செய்முறை நோட்டு, பிஞ்சுபோன செருப்பு, நாப்கின், சைக்கிளுக்கு ஒரு ட்யூப். இதற்கென்று தலைமை ஆசிரியரிடமோ பெண் ஆசிரியர் ஒருவரிடமோ ஒரு சின்னத் தொகையைக் கொடுத்து வையுங்கள். அடுத்து, பன்னிரண்டாம் வகுப்பை எட்டுகிறவளின் பெற்றோரிடம் புதுமைப் பெண் திட்டத்தைப் பற்றிப் பேசுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் கல்லூரிக்கோ பாலிடெக்னிக்குக்கோ ஐ.டி.ஐ.க்கோ போனால் மாதம் 1000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வரும். 2022 செப்டம்பரில் தொடங்கியது, பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது.

அப்பாவோ அம்மாவோ இல்லாத பிள்ளைக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் நிதி ஆதரவு கேட்கலாம். மிஷன் வாத்சல்யா எனும் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் மாதம் 4000 ரூபாய். கிராமத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கும் நகரத்தில் 96,000 ரூபாய்க்கும் மேல் போகக் கூடாது. வருமானச் சான்று, இறப்புச் சான்று, படிப்புச் சான்று, கூட்டு வங்கிக் கணக்கு கேட்பார்கள். ஒப்புதல் வர மாதங்கள் ஆகலாம். அதுவரை மளிகைக் கணக்கை நிறுத்திவிடாதீர்கள், நடுவில் விடும் உதவி கெடுதல்.

அட்வான்ஸ் வாங்கிவிட்ட வீடு

நாம் போவதற்குள் புரோக்கர் போயிருப்பார். ஐயாயிரமோ பத்தாயிரமோ செலவாகியிருக்கும். "வாங்குன காசைத் திருப்பிக் குடுத்தாத்தான் பிள்ளையை விடுவாங்களாம்" என்பார்கள். உணர்ச்சிவசப்பட்டு வசூல் செய்து அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம். முன்பணத்துக்காக ஒருவரை வேலையில் பிடித்துவைப்பது கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இன்படி குற்றம். அந்தக் கடனே சட்டப்படி செல்லாது. கோட்டாட்சியரிடமோ ஆட்சியரிடமோ எழுத்தில் மனுக் கொடுங்கள். விசாரித்து விடுவிப்புச் சான்று கொடுத்தால் மறுவாழ்வு உதவிக்கும் வழி பிறக்கும். ஆசை காட்டி, ஏமாற்றி, சுரண்டலுக்காக ஆள் சேர்ப்பது பாரதிய நியாய சன்ஹிதா 143-ஆம் பிரிவின்படி மனிதக் கடத்தல். பெண்ணே சம்மதித்தாள் என்பது தப்பிக்கும் வழியாகாது. கடத்தப்பட்டது குழந்தையானால் குறைந்தது 10 ஆண்டு சிறை.

வேன் வாசலில் நிற்கிறது, பிள்ளைக்கு 18 ஆகவில்லை என்றால் வாக்குவாதம் வேண்டாம். வண்டி எண்ணையும் புரோக்கரின் கைபேசி எண்ணையும் குறித்துக்கொண்டு குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ அவசர உதவி எண் 112-க்கோ பேசுங்கள். வயதுவந்த பெண்களுக்கு 181.

பதினெட்டு முடிந்தவள் வேலைக்குப் போகிறேன் என்றால் மறிக்க நமக்கு உரிமையில்லை. எல்லா மில்லும் சிறை இல்லை. அவள் கேட்க வேண்டிய கேள்விகளைச் சொல்லிக் கொடுங்கள்: சம்பளம் மாதாமாதம் என் வங்கிக் கணக்குக்கு வருமா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண் தருவீர்களா? ஹாஸ்டலில் போன் வைத்துக்கொள்ளலாமா? ஞாயிற்றுக்கிழமை தனியாக வெளியே போகலாமா? வேலை பிடிக்கவில்லை என்றால் நாளைக்கே கிளம்பலாமா? ஒன்றுக்காவது மழுப்பலான பதில் வந்தால் போக வேண்டியதில்லை. ஆதார் அட்டையின் நகலைத்தான் கொடுக்க வேண்டும், அசல் வீட்டில் இருக்கட்டும்.

திரும்பி வந்தவளிடம்

என்ன நடந்தது என்று கேட்டுத் துளைக்காதீர்கள். முதலில் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பஞ்சுத் தூசியில் இருந்தவளுக்கு இருமலோ மூச்சுத்திணறலோ இருக்கிறதா, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று மருத்துவரிடமே பேசட்டும். 18 வயதுக்குட்பட்டவளிடம் பாலியல் அத்துமீறல் நடந்தது தெரியவந்தால் போக்சோ சட்டப்படி தகவல் தெரிவித்தே ஆக வேண்டும். அதை மூடிமறைக்கும் பஞ்சாயத்துக்கு உங்கள் குழு துணைபோகக் கூடாது. பெயரையும் படத்தையும் ஊரையும் பத்திரிகைக்குக் கொடுப்பதும், வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதும் சட்டப்படி குற்றம், நல்ல நோக்கத்தோடு செய்தாலும்.

இவ்வளவையும் ஒரே வருடத்தில் செய்ய முடியாது. மூன்று வீடு, ஒரு மேல்நிலைப் பள்ளி என்று தொடங்குங்கள். இந்த வாரமே பக்கத்து ஊர்ப் பள்ளித் தலைமை ஆசிரியரைப் பார்த்து, பதினொன்றாம் வகுப்பில் மதியம் சாப்பிடாமல் இருக்கும் பெண்பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.